முதல் பெட்டிக்குப் பொட்டு

உங்கள் விசாரணை அலுவலக எழுத்தர் நல்ல மனிதர். நான் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம், வெள்ளைத்தாள் மட்டும் கொடுங்கள், நானே எழுதுகிறேன் என்றேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். எங்கள் ஷெட்டிலிருந்து போகிற டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் பதினேழு வருடமாக என் கையால் எழுதியவைதான். அதை அச்சு என்று நினைத்து விரலால் தடவிப் பார்த்தவர்கள் உண்டு.

என் பெயர் அரிகிருஷ்ணன். வயது நாற்பத்து நான்கு. முதலியார்பேட்டையில் இருக்கிறேன். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தார். ஆலை மூடிய பிறகு தள்ளுவண்டியில் இளநீர் விற்றார். நான் ஐ.டி.ஐ. முடித்து, சாயங்கால வகுப்பில் டிப்ளமோ வாங்கி, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் செல்வாம்பாள் அம்மாவின் ஷெட்டில் சேர்ந்தேன். அம்மா பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். கணவர் இறந்ததும் வேலையை விட்டுவிட்டு, அவர் வைத்திருந்த ஷெட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். இன்று பன்னிரண்டு பேர் இருக்கிறோம். பேட்டரியில் ஓடும் சின்னச் சின்னச் சாமான்கள் செய்கிறோம். தண்ணீர்த்தொட்டி நிரம்பினால் கத்துவது, மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜில் சூடு ஏறினால் சொல்வது, இந்த மாதிரி.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றது புரியாது. புதுச் சாமான் ஒன்று செய்த வருடம், ஆயுத பூஜையன்று அதன் முதல் சர்க்யூட் போர்டைத் தட்டில் வைப்போம். பக்கத்தில் பொரி, கடலை, வாழைப்பழம். மெஷின்களுக்கு வைப்பதுபோலவே அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, பெட்டியில் போட்டு மூடி, அதை உருவாக்கியவர் கையில் அம்மா வெற்றிலை பாக்கோடு கொடுப்பார். அதை விற்கக் கூடாது. வாங்கியவர் தன் வீட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். பொட்டு வைப்பது மட்டும் அம்மா இல்லை. கணவர் போனதிலிருந்து அவர் குங்குமத்தைத் தொடுவதில்லை. இந்தக் காலத்தில் என்னம்மா என்று நாங்கள் எத்தனை சொன்னாலும் சிரித்துக்கொண்டே, "அரி, நீ வையிப்பா" என்று தள்ளி நின்றுகொள்வார். வருடா வருடம் நான்தான் வைத்தேன்.

கரண்ட் ஓடுகிற போர்டில் பொட்டு வைக்கலாமா என்று கேட்பீர்கள். இடம் தெரிந்து வைத்தால் வைக்கலாம். சிப்பின் கறுப்புத் தலை மேல் ஓர் எள் அளவு. கால்களில் படக் கூடாது. போன வருடத்துக்கு முன்பு வரை இப்படி ஐந்து முதல் பெட்டிகள் வந்தன. ஐந்தும் நான் உருவாக்கியவை. ஐந்தும் என் வீட்டு ஷோகேஸில் இருக்கின்றன. சம்பளத்தைப் பற்றி நான் ஒரு நாளும் பேசியதில்லை. அந்த வெற்றிலை பாக்கை வாங்கும்போது அம்மா என் முகத்தைப் பார்த்து ஒரு தலையசைப்பு அசைப்பார். எனக்கு அதுவே போதும் என்று இருந்தேன்.

மதிவாணன் போன வருடம் தை மாதம் வந்தான். இருபத்தொன்பது வயது. பாகூர் பக்கம் விவசாயக் குடும்பம், பெங்களூரில் ஐந்து வருடம் வேலை பார்த்தவன், மனைவி வீராம்பட்டினம் என்பதால் ஊருக்கே திரும்பிவிட்டான். நல்ல பையன் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். வந்த அன்றே என்னை அண்ணே என்றான். என் பழைய போர்டுகளை வாங்கிப் பார்த்து, "இத தனியாளா பண்ணீங்களாண்ணே" என்று கேட்டான். பாராட்டு மாதிரி இருந்தது. யோசிக்க யோசிக்க வேறு மாதிரியும் இருந்தது.

எங்கள் அசெம்பிளியில் ஒரு பெண், பெயர் வேண்டாம், ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று என் காதுபடச் சொன்னாள். இத்தனை நாள் நான்தான் இலுப்பைப்பூவாம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மாவுக்குக் காபி போடுகிற மூலையில் ஒரு பித்தளை டபரா செட் இருக்கும். அவர் கணவருடையது. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா குடும்பத்து மனிதர். காபி டபராவில் ஆற்றித்தான் குடிப்பாராம். அதில் யாருக்கும் காபி தந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பதினேழு வருடமும் கண்ணாடி டம்ளர்தான். மதிவாணன் வந்த எட்டாம் மாதம், ஒரு மத்தியானம், அவன் மேசையில் அந்த டபரா இருந்தது. இதையெல்லாம் ஒரு பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

இங்கே நீங்கள் பொறாமை என்று ஓரத்தில் குறித்துக்கொள்வீர்கள். அது சரியான வார்த்தை இல்லை ஐயா. தன்னிடம் இல்லாததைப் பார்த்து வருவது பொறாமை. என்னிடம் இருந்ததை எடுத்து இன்னொருவனிடம் கொடுத்தார்கள். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை, வயிறு எரிந்தது என்பதெல்லாம் உண்மைதான். என் மனைவி நிர்மலா, "சோத்த மெல்லுறதோட அவம்பேரையும் சேத்து மெல்லுறீங்க" என்றாள். அவள் விளையாட்டாகப் பேசுகிறவள்.

இனி கடிகார விஷயத்துக்கு வருகிறேன். இதை உங்கள் அறிக்கை இரண்டு வரியில் முடித்துவிட்டது, இதுதான் முக்கியம்.

போன வருடம் கேஸ் கசிந்தால் கத்தும் பெட்டி ஒன்று செய்ய முடிவாயிற்று. சுவரில் மாட்டுவது, பேட்டரியில் ஓடுவது. பேட்டரி நிறைய நாள் வர வேண்டுமானால் உள்ளே இருக்கும் சிப் எந்நேரமும் விழித்திருக்க முடியாது. தூங்க வேண்டும். முப்பது விநாடிக்கு ஒருமுறை எழுந்து, காற்றை ஒரு முறை முகர்ந்து பார்த்து, கேஸ் இல்லையென்றால் மறுபடி தூங்க வேண்டும். அது தூங்கும்போது அதன் வேகமான கடிகாரம் நின்றுவிடும். மெதுவான கடிகாரம் ஒன்று மட்டும் துடித்துக்கொண்டிருந்து, முப்பது எண்ணியதும் தட்டி எழுப்பும். அந்த மெதுவான கடிகாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் எனக்கும் அவனுக்கும் பேச்சு வந்தது.

சிப்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு. செலவில்லை, உடைய ஒன்றுமில்லை, சட்டென்று ஓடத் தொடங்கும். வெயிலுக்குக் கொஞ்சம் முன்னே போகும், குளிருக்குக் கொஞ்சம் பின்தங்கும். முப்பது விநாடி முப்பத்திரண்டு ஆகும். ஆகட்டுமே, கேஸ் பெட்டி என்ன ரயிலா பிடிக்கப் போகிறது என்றேன். இன்னொரு வழி, வெளியே ஒரு கிரிஸ்டல் வைப்பது. அரிசி மணி அளவு தகரக் குழாய்; உள்ளே படிகக் கல். நேரம் பிசகாது, சாப்பிடும் கரண்டும் மிகமிகக் குறைவு. அந்தக் குறைவுதான் அதன் பலவீனமும். அவ்வளவு மெல்லிய துடிப்பை நிறுத்த அதன் கால்களில் கொஞ்சம் ஈரம் பட்டால் போதும். இது கடற்கரை ஊர். துணி காயவே இரண்டு நாள் ஆகிற மாதங்கள் இருக்கின்றன. கிரிஸ்டல் வேண்டாம் என்றேன்.

மதிவாணன் வேண்டும் என்றான். அடுக்குமாடி வீடுகளில் எல்லாப் பெட்டியும் வாட்ச்மேன் அறைக்கு ரேடியோவில் பேச வேண்டும், ஆளுக்கொரு விநாடி ஒதுக்கியிருக்கிறோம், நேரம் பிசகினால் ஒன்றின் மேல் ஒன்று பேசும், பேட்டரி ஒரு வருடம்கூட வராது, கிரிஸ்டல் என்றால் மூன்று வருடம் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். ஈரத்துக்கும் பதில் வைத்திருந்தான். போர்டுக்கு மேலே பூச்சு பூசலாம். அதையும் மீறிக் கிரிஸ்டல் நின்றுபோனால், சிப்பே அதைக் கண்டுபிடித்து உள் கடிகாரத்துக்கு மாறிக்கொண்டு, சிவப்பு விளக்கைச் சிமிட்டும்படி புரோகிராமில் ஒரு வரி எழுதுகிறேன் என்றான்.

அம்மா இரண்டு பேர் தாளையும் பார்த்தார். "நீ சொல்றதும் ஓடும் அரி. தம்பி சொல்றது மூணு வருஷம் ஓடும்," என்றார். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, தாளைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆயுத பூஜைக்கு முதல் போர்டு தயாரானது. பூச்சு பூசுவது பூஜைக்குப் பிறகு வரும் போர்டுகளுக்குத்தான். முதல் போர்டுக்குப் பொட்டு வைப்பதால் பூச்சு கிடையாது. அதுவும் வழக்கம். தட்டில் வைத்தோம். பொட்டு வைத்தேன். கற்பூரம் காட்டும்போது மதிவாணன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி தீபலட்சுமி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பெட்டியை மூடி நான்கு திருகாணியும் முடுக்கியது நான். அம்மா வெற்றிலை பாக்கோடு அவன் கையில் கொடுத்தார். தலையசைத்தார். அதோடு நிறுத்தவில்லை, அவன் தோளில் கையும் வைத்தார். எனக்கு ஐந்து முறையும் அப்படிக் கை வைத்ததில்லை.

பொட்டு சிப்பின் தலையில் விழவில்லை, கொஞ்சம் தள்ளிக் கிரிஸ்டலின் காலடியில் விழுந்திருந்தது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அது சரி.

தை மாதம் ரெட்டியார்பாளையத்தில் அவன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். ஷெட் முழுக்கப் போயிருந்தோம். அடுப்பில் பால் பொங்கியதும், முதல் பெட்டியைச் சமையலறைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. டிரில்லிங் மெஷினை நான்தான் கொண்டுபோயிருந்தேன். கேஸ் தரைப்பக்கம்தான் தேங்கும் என்பதால் பெட்டியைக் கீழே, அடுப்பு மேடைக்கு அடியில் மாட்ட வேண்டும். குந்தி உட்கார்ந்து மாட்டினேன். சோதனைப் பொத்தானை அழுத்தினேன், வீடே அதிரக் கத்தியது. எல்லாரும் கை தட்டினார்கள். பொத்தானை அழுத்தினால் அது கத்தும் ஐயா. பொத்தான் நேராகச் சிப்பைத் தட்டி எழுப்பிவிடும், மெதுவான கடிகாரம் அதற்குத் தேவையில்லை. திரும்பத் தூங்கப் போனால் தானாக எழுவதற்குத்தான் அது வேண்டும். அது தனி வீடு என்பதால் பெட்டி பேசாததைக் கவனிக்க வாட்ச்மேனும் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கும்போது விளக்குச் சிமிட்டினால் பேட்டரி வீண் என்று பச்சை விளக்கை எடுத்துவிட்டதும் மதிவாணனின் யோசனைதான். கம்மென்று இருந்தால் நலம் என்று அர்த்தம். தீபலட்சுமி எனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றினாள்.

எனக்கு என்ன எண்ணம் இருந்தது என்று நீங்கள் கேட்க வேண்டும். சொல்கிறேன். ஒரு நாள் அவர்களே ஊதுவத்தி கொளுத்தும்போதோ லைட்டரை அழுத்தும்போதோ பெட்டியைச் சோதித்துப் பார்ப்பார்கள், அது எழாது, ஷெட்டுக்குக் கொண்டுவருவார்கள், அம்மா முன்னால் திறப்பார்கள், கிரிஸ்டல் நின்றிருக்கும், அரி அன்னைக்கே சொன்னான் என்று அம்மா சொல்வார். அவ்வளவுதான் எண்ணம். ஒரு மாதம் காத்திருந்தேன். இரண்டு மாதம் ஆகப்போயிற்று. அவர்கள் சோதிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். அவன் செய்ததை எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள்.

மாசி மகத்தன்று, அங்கேயே விட்டுவந்த என் டிரில்லிங் மெஷினை வாங்கிவர அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தன் அம்மாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வைத்திக்குப்பத்துக்குச் சாமி பார்க்கப் போயிருந்தான். தீபலட்சுமி மட்டும் இருந்தாள். சளி பிடித்திருந்தது, கூட்டத்தில் வேண்டாம் என்று நின்றுவிட்டாளாம். மெஷினை எடுத்துக் கொடுத்தாள். காபி குடிச்சிட்டுப் போங்கண்ணே என்று உள்ளே கூப்பிட்டாள்.

சமையலறை வாசலில் நின்று, "ரெண்டு நாளா லேசா கேஸ் வாட வர்ற மாரி இருக்குதுண்ணே. எனக்கு மூக்கு அடச்சிருக்கு, சரியாத் தெரியல. உங்களுக்கு வருதா பாருங்க," என்றாள். டியூப் மாற்றுகிறவருக்குப் போன் செய்யலாமா என்று யோசிப்பதாகவும், அவர் பண்டிகை நாள் என்று சலித்துக்கொள்வார் என்றும் சொன்னாள்.

நான் நின்றேன். குனிந்து பெட்டியைப் பார்த்தேன்.

"பெட்டி கம்முனு இருக்குது பாரு," என்றேன். "நம்ம மூக்க விட அதுக்கு நல்ல மூக்கு. உன் வீட்டுக்காரர் செஞ்சது. கசிஞ்சா அது சொல்லாம இருக்குமா?"

அவள் சிரித்தாள். அதுவும் சரிதாண்ணே என்றாள். காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. குடித்துவிட்டு வந்தேன். நான் அவளிடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெட்டி ஓடியிருந்தால் சொல்லியிருக்கும்.

எனக்கு வாடை வந்தது ஐயா. நன்றாகவே வந்தது.

அதற்கு மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவள் எழுந்துவந்து சமையலறை விளக்கைப் போட்டிருக்கிறாள். பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் முதல் இரண்டு பக்கம். மதிவாணன் இழுத்துக்கொண்டு வந்ததில் அவனுக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. அவள் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒன்பது நாளும் போனேன். குழந்தை மகத்தன்று சாமி பார்த்த கையோடு வீராம்பட்டினத்துக்குப் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தது. அது நல்லதாகப் போயிற்று என்றுதான் நானும் நினைக்கிறேன்.

காரியம் முடிந்து மூன்றாம் நாள் மதிவாணன் அந்தப் பெட்டியோடு ஷெட்டுக்கு வந்தான். பெட்டியின் பிளாஸ்டிக் பாதி உருகியிருந்தது, உள்ளே போர்டு அப்படியே இருந்தது. கையில் கட்டு என்பதால் அவனால் திருகாணியைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன். லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தான். கிரிஸ்டலின் காலடியில் இருந்த சந்தனத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தான். என்னைத் திட்டுவான் என்று நின்றேன். அவன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"நீங்க அப்பவே சொன்னீங்கண்ணே. ஈரம் பட்டா நின்னுடும்னு சொன்னீங்க. நான்தான் கேக்கல. அந்த வரியிலயும் என்னமோ தப்பு பண்ணியிருக்கேன், மாறவே இல்ல. எந்தப்புதான் எல்லாம்," என்றான்.

அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். பதினான்கு மாதம் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது, அதுவும் அம்மா எதிரிலேயே வந்தது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முதுகைத் தடவி, "உன்னைத் தவிர யாருக்குப்பா இது கண்ணுல பட்டிருக்கும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, மிகவும் அன்பாகத்தான் சொன்னார்: "நீ மனச விட்டுடாத அரி. நீ சாமிய நெனச்சி வச்ச பொட்டு. ஒனக்கு என்ன தெரியும்."

அதற்குப் பிறகு நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. தீபலட்சுமிக்காக என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். அவளுக்காகவும்தான்.

போன திங்கட்கிழமை உங்கள் வரைவு அறிக்கை ஷெட்டுக்கு வந்தது. ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் தரலாம் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா அதை எல்லாரையும் உட்கார வைத்து உரக்கப் படித்தார். இது என் ஆட்சேபம்.

மூன்றாம் பக்கத்தில், சந்தனத்தின் ஈரத்தால் கிரிஸ்டல் நின்றது, இதைக் கண்டறிந்தவர் மதிவாணன் என்று இருக்கிறது. இது தவறு. சந்தனத்தின் ஈரம் ஒரு நாளில் காய்ந்துவிடும். காய்ந்ததும் கிரிஸ்டல் மறுபடி துடிக்கத் தொடங்கும். ஆயுத பூஜைக்கு முந்தின மூன்று வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கழித்துப்போட்ட பதினோரு மாதிரிப் போர்டுகளில் வைத்துப் பார்த்திருக்கிறேன். வெறும் சந்தனம் வைத்த நான்கும் ஓடின. சந்தனத்தோடு கல் உப்பைப் பொடித்துக் குழைத்து வைத்தால்தான் நிற்கும். உப்பு நம்மூர்க் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், காயவே விடாது. அப்படி வைத்த ஏழில் ஏழும் நின்றன. அளவு, தேதி, எல்லாம் எழுதிய நோட்டு என் மேசையில் இடதுபக்க இழுப்பறையில் இருக்கிறது. அந்தப் போர்டில் இருக்கும் சந்தனத்தை நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால்கூட மதிவாணனுக்குத் தெரிந்திருக்கும். அவன் பார்க்கவில்லை. பெங்களூரில் ஐந்து வருடம் இருந்தவன்.

அதே பக்கத்தில், பாதுகாப்புக்காக எழுதிய வரி வேலை செய்யாததற்குக் காரணம் தெரியவில்லை, எழுதியவரின் பிழையாக இருக்கலாம் என்று இருக்கிறது. இந்த இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எழுத்தர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஒன்றுமில்லை, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன்.

அந்த வரி சரியாக இருந்தது. அவன் எழுதியதில் பிழை இல்லை. உப்பு வைத்த ஏழு போர்டிலும் கிரிஸ்டல் நின்ற உடனே அது உள் கடிகாரத்துக்கு மாற்றிச் சிவப்பு விளக்கைச் சிமிட்டியது. ஏழு முறையும் பார்த்தேன். அதனால்தான் முதல் போர்டில் ஏற்றிய புரோகிராமிலிருந்து மட்டும் அதை எடுத்தேன். எல்லாப் போர்டுகளிலும் புரோகிராம் ஏற்றுவது என் வேலை. ஏற்றியபின் யாரும் திரும்பப் படிக்க முடியாதபடி பூட்டுவதும் என் வேலை. விற்றுப்போன மற்ற நானூறு பெட்டிகளிலும் வரி இருக்கிறது, பூச்சும் இருக்கிறது, யாரும் பயப்பட வேண்டியதில்லை. அந்த ஒன்றைத் தவிர வேறு எதிலும் நான் கை வைக்கவில்லை.

இதை எழுதாமல் விட்டிருந்தால் அவன் ஆயுள் முழுக்கத் தன் வரியைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பான். விட்டுவிடலாமா என்று யோசித்தேன், மறைக்கவில்லை. ஆனால் வரியைச் சொல்லாவிட்டால், கிரிஸ்டலை நிறுத்துவதற்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது படிக்கிறவர்களுக்குப் புரியாமல் போய்விடும்.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். உப்புக் குழைத்த சந்தனத்தைத் தெரிந்தே கிரிஸ்டலின் காலில் வைத்தேன். தெரிந்தே வரியை எடுத்தேன். எழாது என்று தெரிந்த பெட்டியை என் கையால் அந்தச் சுவரில் மாட்டினேன். மாசி மகத்தன்று கேஸ் வாடை எனக்கு வந்தது. வரவில்லை என்று அவள் நம்பும்படி பேசிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தேன். தீபலட்சுமியைக் கொன்றது நான்தான். இதற்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்கள், மேல்முறையீடு செய்ய மாட்டேன். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. மதிவாணன்மேலும் கிடையாது. பொறாமை என்று எழுதாதீர்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. நான்காம் பக்கம், இரண்டாம் பத்தியில், "பொட்டு வைத்த ஊழியர் கிரிஸ்டலின் தன்மை பற்றி ஏதும் அறியாதவர், ஆகவே அவர்மேல் குற்றமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா அதைப் படித்தபோது என்னைப் பார்த்து ஆறுதலாகத் தலையசைத்தார். ஈரம் பட்டால் அது நிற்கும் என்று முதலில் சொன்னதே நான். அறியாதவர் என்பதை அடித்துவிடுங்கள். திருத்திய நகலை முதலில் அம்மாவுக்கு அனுப்புங்கள். மதிவாணனுக்கு அதற்குப் பிறகு போனால் போதும்.